டிஜி எடுக்கவில்லையா? சத்தத்தையும் புகையையும் வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பெங்களூரில் கோடை மழை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இந்த அழைப்பு அதிகம் வரும். காற்று அடிக்கும், மரக்கிளை கம்பியில் விழும், பெஸ்காம் (பெங்களூர் மின்சாரக் கம்பெனி) கரண்ட் போகும், அந்த நேரம் பார்த்து டிஜி, அதாவது டீசல் ஜெனரேட்டர், எடுக்காது. போனில் பேசுவது பெரும்பாலும் நைட் டியூட்டியில் இருக்கும் தம்பி. "அண்ணா, டிஜி எடுக்கல, லிஃப்ட்ல ஆள் இருக்காங்க" என்று பதறுவார். லிஃப்டில் ஆள் இருந்தால் டிஜியை விட்டுவிட்டு முதலில் லிஃப்ட் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிடச் சொல்வேன். அதற்கு அப்புறம் கேட்பது ஒரே கேள்விதான்: "பட்டனை அமுக்கினா என்ன சத்தம் வருது தம்பி?"

அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சத்தமே இல்லையா, டக்டக் என்கிறதா, இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றும்போது புகை வருகிறதா என்று பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் பட்டனை விடாமல் அமுக்கினால் நல்ல பேட்டரியும் தீரும், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரும் கருகும். 500 ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

அபார்ட்மெண்ட், கடை, சின்னத் தொழிற்கூடங்களில் இருக்கும் 15 முதல் 250 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்களுக்குப் பொருந்தும்படி இதை எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

ஆட்டோ நிலையில் இருக்கும் டிஜி எந்த நொடியும் தானாக எடுக்கும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போவதற்கு முன் கண்ட்ரோலரை (டிஜியை இயக்கி நிறுத்தும், ஸ்கிரீன் உள்ள பெட்டி) ஆஃப் நிலைக்குக் கொண்டு வாருங்கள், எமர்ஜென்சி பட்டனை அமுக்குங்கள், சார்ஜரை அணைத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி விடுங்கள். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.

ஒரு தடவை 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடுத்த தடவைக்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். பெரும்பாலான கண்ட்ரோலர்கள் மூன்று முறை முயன்று, எடுக்கவில்லை என்றால் எச்சரிக்கை காட்டிப் பூட்டிக்கொள்ளும். ரீசெட் அமுக்கும் முன் அந்த ஸ்கிரீனைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்த பிறகு, "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு அண்ணா" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது.

பேஸ்மெண்டில் இருக்கும் டிஜி என்றால் புகைக்குழாய் வெளியே சரியாகப் போகிறதா என்று பாருங்கள். டீசல் புகை நிறைந்த அறைக்குள் நின்று சோதிப்பது உயிருக்கு ஆபத்து.

பட்டனை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை

ஸ்கிரீன் எரியவில்லை என்றால்: பேட்டரி ஐசொலேட்டர் (பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃபில் இருக்கிறதா, டெர்மினல் கழன்றிருக்கிறதா, பேனலில் டிசி ஃபியூஸ் போயிருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒரு தடவை மட்டும் மாற்றிப் பாருங்கள். மறுபடியும் போனால் எங்கோ கம்பி ஷார்ட் ஆகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், வயரிங் பற்றிக்கொள்ளும்.

ஸ்கிரீன் எரிகிறது, ஆனால் சத்தமில்லை என்றால்: முதலில் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன். கேனோபிக்கு (டிஜியை மூடியிருக்கும் பெட்டி) வெளியே சிவப்பாக இருக்கும் அதைப் பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். திருகினால் வெளியே வந்துவிடும். அடுத்து கண்ட்ரோலர் ஸ்டாப் நிலையில் இருக்கிறதா, பழைய எச்சரிக்கை ரீசெட் ஆகாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பணம் செலவழிக்காமல் தீரும் அழைப்புகளில் பெரும்பங்கு இவைதான்.

இதெல்லாம் சரியென்றால் எலி. கேனோபி கதகதப்பாக இருக்கும், உள்ளே சத்தம் கேட்காத ஃபோம் இருக்கும், கூடு கட்ட அதைவிட நல்ல இடம் எலிக்குக் கிடைக்காது. ஸ்டார்ட் ரிலேயிலிருந்து செல்ஃப் சாலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்த ஸ்விட்ச்) போகும் மெல்லிய கம்பியை டார்ச் அடித்து முழு நீளமும் பாருங்கள். பட்டனை ஒருவர் அமுக்க, அந்தக் கம்பியின் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் சத்தமில்லை என்றால் சாலினாய்டு போயிருக்கிறது. வரவில்லை என்றால் ரிலே அல்லது கண்ட்ரோலர். ரிலேயை நீங்களே மாற்றலாம். கண்ட்ரோலர் என்று சந்தேகம் வந்தால் பேனல் ஆளைக் கூப்பிடுங்கள்.

டக் என்று தட்டுகிறது, அல்லது டக்டக்டக் என்று அடிக்கிறது

தொடர்ந்து டக்டக் என்றால் அநேகமாக பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கிரீன் அணைந்து அணைந்து வந்தாலும் அதே அர்த்தம்தான்.

மல்டிமீட்டரை பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கேபிள் முனையில் இருக்கும் உலோகப் பிடியான லக்கில் வைக்காதீர்கள். சார்ஜர் ஆஃபில், ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே என்றால் எடுக்காததில் வியப்பில்லை. ஆனால் ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரியும் உள்ளே செத்திருக்கலாம். அதனால் செல்ஃப் அடிக்கும்போது அளப்பதுதான் உண்மையான சோதனை. அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சத்து இல்லை. 24 வோல்ட் செட்டில் இந்த எண்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகவும் அளந்து பாருங்கள். ஒன்று போனாலும் இரண்டும் போன மாதிரிதான் தெரியும்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனாலும் டக்டக் என்றால் டெர்மினல். வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் கழற்றி, சோடா உப்பு கலந்த வெந்நீர் விட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்து இறுக்குங்கள். சோடா நீர் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது, மூடிகள் மூடியே இருக்கட்டும். பார்க்கப் பளபளப்பாக இருந்தும் உள்ளே தொடர்பு இல்லாத லக்குகளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: மீட்டரின் ஒரு முனையை பேட்டரி ப்ளஸ் குமிழிலும், இன்னொன்றை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ லக்கிலோ கரண்ட் தின்கிறது. மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலும் இதே சோதனை. எர்த் கம்பியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இன்ஜினில் அது மாட்டியிருக்கும் இடத்தில் பெயிண்ட்டும் துருவும் சேர்ந்து இதே கோளாறைக் கொடுக்கும்.

பேட்டரி ஏன் தீர்ந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். டிஜி ரூமில் சார்ஜரின் எம்.சி.பி. விழுந்து மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இருப்பது சர்வ சாதாரணம். சார்ஜர் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அடுத்த மாதம் இதே கதைதான். கடைக்காரர் பேட்டரியைத்தான் விற்பார், சார்ஜரைப் பார்த்துச் சொல்லமாட்டார்.

அவசரத்துக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம். 12-க்கு 12, 24-க்கு 24. கார் பேட்டரியை 24 வோல்ட் செட்டில் கோர்த்துவிடாதீர்கள். கடைசி மைனஸ் கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் பிளாக்கில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும்.

பேட்டரி, கேபிள் எல்லாம் சரி, ஒரே ஒரு கனமான டக் மட்டும் வந்து நின்றுவிடுகிறது என்றால் செல்ஃப் மோட்டார் பழுதாகியிருக்கலாம், அல்லது இன்ஜினே இறுகியிருக்கலாம். மைனஸைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் செல்ஃபைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். சுற்றவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். போன தடவை ஓடியபோது சூடு ஏறி நின்றிருந்தால் சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது. பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். உடனே மெக்கானிக்.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை, புகையும் இல்லை

புகை இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. இதில்தான் தேவையில்லாமல் அதிகம் பணம் போகிறது, டீசல் பம்பைக் கழற்றச் சொல்லும் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பம்புக்குப் போவதற்கு முன் பார்க்க இவ்வளவு இருக்கிறது:

டேங்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். கேஜை நம்பாதீர்கள், மிதவை மாட்டிக்கொண்டு பாதி டேங்க் என்று காட்டிக்கொண்டே இருக்கும். டேங்கிலிருந்து வரும் காக் திறந்திருக்கிறதா? பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவர் ஸ்டாப் பக்கமே மாட்டிக்கொண்டு நிற்கிறதா? கையால் தள்ளினால் திரும்பி வரும், கொஞ்சம் ஆயில் விட்டால் போதும்.

அடுத்து ஃப்யூயல் சாலினாய்டு. பல இன்ஜின்களில் ஸ்டார்ட் கொடுத்ததும் பம்புப் பக்கம் மெல்ல ஒரு டக் கேட்கும். கேட்கவில்லை என்றால் அதன் கம்பி மாட்டும் முனையில் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் அசையவில்லை என்றால் சாலினாய்டு. வரவில்லை என்றால் கம்பி அல்லது ரிலே.

எலக்ட்ரானிக் கவர்னர் (டீசலைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது) இருக்கும் இன்ஜினில் ஸ்பீடு சென்சாரையும் பாருங்கள். அந்தச் சென்சாரிலிருந்து வேகம் படிக்கும் கண்ட்ரோலர், செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். பூஜ்யம் என்றே காட்டினால் சென்சார் பக்கம்தான் கோளாறு. சுற்றவே இல்லை என்று நினைத்து கவர்னர் டீசலைத் திறக்காது. சென்சாரைக் கழற்றி, முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைத் துடைத்து, ஃப்ளைவீல் பல்லின் உச்சியைத் தொடும் வரை திருகி, அரையிலிருந்து முக்கால் சுற்று பின்னால் எடுத்து லாக் நட் இறுக்குங்கள். பல் எதிரே இருக்கிறதா, இடைவெளி எதிரே இருக்கிறதா என்று துளை வழியாகப் பார்த்துவிட்டுத் திருகுங்கள். இடைவெளியில் திருகினால் முதல் சுற்றிலேயே சென்சார் உடையும்.

இவை எல்லாம் சரியென்றால் ஏர் லாக், அதாவது டீசல் பைப்புக்குள் காற்று அடைத்துக்கொள்வது. டேங்க் காலியாகி நின்றபோது, ஃபில்டர் மாற்றியபோது, நாள்பட நின்றபோது வருவது. பழைய வகை மெக்கானிக்கல் பம்பு இன்ஜினில் ஏர் எடுப்பது இப்படி: ஃபில்டர் தலையில் இருக்கும் ப்ளீடு ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழி இல்லாமல் சுத்தமான டீசல் வரும். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். பம்பில் இன்னொரு ப்ளீடு ஸ்க்ரூ இருந்தால் அங்கேயும் இதையே செய்யுங்கள். கை பம்பு லீவர் வகையாக இருந்து அடித்தாலும் பிடிமானமே இல்லாமல் போனால், உள்ளே கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள், வேலை செய்யும். இன்னும் எடுக்கவில்லை என்றால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) பக்கம் இரண்டு ஹைப்ரஷர் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் இறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துப்பும் இடத்தில் கை வைக்கவே கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அப்படி ஆகிவிட்டால், வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில், மேலே சொன்ன கடைசி வேலையை, அதாவது பைப் நட்டைத் தளர்த்துவதை, செய்யவே கூடாது. 2023 ஜூலை 1 முதல் சி.பி.சி.பி. (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 4 பிளஸ் புகை விதி வந்தபின் வாங்கிய செட்டுகளில் பல இந்த வகைதான். அந்தப் பைப்பில் 1000 பார் (bar) அளவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதில் ஃபில்டர் வரை ப்ரைம் செய்து, அதாவது டீசலை நிரப்பி ஏர் எடுத்து, பார்க்கலாம். அதற்கு மேல் லேப்டாப்புடன் வரும் கம்பெனி ஆள்தான்.

ஏர் எடுத்தால் ஓடுகிறது, இரண்டு நாள் கழித்து மறுபடி அதே பிரச்சினை என்றால் எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் டீசலை உறிஞ்சும் பகுதி இருக்கிறதே, அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். அநேகமாக பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது ஃபில்டர் ரப்பர் ரிங் மடங்கியிருக்கும். உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் வாஷர் அது. ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள்.

வாட்டர் செப்பரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். கறுப்புச் சளி மாதிரி வந்தால் டேங்குக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது, டேங்கைக் கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஃபில்டர் வரை சுத்தமான டீசல் வந்தும் நாசில் பைப்பில் டீசல் வரவில்லை என்றால்தான் பம்பு. அதைக் கேலிபரேஷன் பெஞ்ச் (பம்பைச் சோதித்துச் சரிசெய்யும் மெஷின்) இருக்கும் கடைக்கு மட்டும் அனுப்புங்கள். டைமிங் குறி வைக்காமல் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. முதலில் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். 150 ஆர்.பி.எம். அளவுக்காவது சுற்றவில்லை என்றால் சூடு பிறக்காது, மறுபடி பேட்டரிப் பகுதிக்குப் போங்கள். ஜனவரி விடியற்காலைகளில், ஹீட்டர் ப்ளக் உள்ள சின்ன இன்ஜின்களில் ப்ளக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் ஏர் இருந்தாலும் இப்படி வரும். இவை சரியென்றால் நாசில், டைமிங், கம்ப்ரஷன் என்று செலவு ஏறும், மூன்றுமே மெக்கானிக் வேலை. புகையில் கூலண்ட் போல இனிப்பு வாடை அடித்தால் ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம், மேற்கொண்டு செல்ஃப் அடிக்காதீர்கள்.

துணியைக் கொளுத்தி ஏர் இன்டேக்கில் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது இரண்டையும் சில பேர் வித்தை மாதிரிச் செய்து காட்டுவார்கள். ஹீட்டர் இருக்கும் இன்ஜினில் ஸ்ப்ரே வெடிக்கும். கொளுத்திய துணியை இன்ஜின் இழுத்துக்கொண்டால் ஏர் ஃபில்டர் பற்றும். டீசல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, மேலே குடும்பங்கள் தூங்குகின்றன. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரில் சிவப்புக் குறி வந்திருக்கிறதா என்று பாருங்கள், மாற்றுங்கள். காற்றடித்துத் தட்டி மறுபடி போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

எடுக்கிறது, சில விநாடியில் நின்றுவிடுகிறது

ஸ்கிரீனில் செய்தி இருந்தால் அதைப் பின்தொடருங்கள். ஆயில் பிரஷர் குறைவு என்றால் டிப்ஸ்டிக். ஆயில் அளவு சரி என்றால் சென்சார் கம்பி. அதுவும் சரி என்றால் தனி பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பார்க்கும்வரை ஓட்டக் கூடாது. சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்பவரை அனுப்பிவிடுங்கள், பேரிங் போனால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். கூலண்ட் குறைவு, பெல்ட் அறுந்தது என்ற செய்திகளும் வரும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஓவர்ஸ்பீடு என்று வந்து, இன்ஜின் உறுமி வேகம் எடுத்து நின்றிருந்தால் இன்னொரு முறை ஸ்டார்ட் கொடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

செய்தி எதுவும் இல்லாமல், மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கி நின்றால் டீசல் போதவில்லை. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நின்றுபோகாமல் ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஃப்யூயல் ஃபில்டர், பிறகு மேலே சொன்ன ஏர்.

கையால் கொடுத்தால் எடுக்கிறது, கரண்ட் போனால் தானாக எடுக்கவில்லை

இன்ஜினில் குறையில்லை. கண்ட்ரோலர் ஆட்டோவில் இருக்கிறதா? சர்வீஸுக்கு வந்தவர் மேனுவலில் விட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. ஒரு ஃபேஸ் மட்டும் போனதா, அல்லது வோல்டேஜ் குறைவாக வந்துகொண்டே இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், செட்டிங்கைப் பொறுத்து அதைக் கரண்ட் போனதாகக் கண்ட்ரோலர் எடுத்துக்கொள்ளாது. மற்றபடி மெயின்ஸ் சென்சிங் ஃபியூஸ் (கரண்ட் இருக்கிறதா என்று கண்ட்ரோலர் பார்க்கும் லைனில் உள்ளது). அந்தப் பேனலுக்குள் பெஸ்காம் லைன் உயிரோடு இருக்கும், அதனால் கதவைத் திறப்பதே லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

தண்ணீரில் மூழ்கிய டிஜி

2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் பேஸ்மெண்டுகள் நிரம்பியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தண்ணீர் வடிந்ததும் ஒரு தடவை ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். கொடுக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம், ஆயிலிலும் டீசலிலும் கலந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் காயில் ஈரமாக இருக்கும். பெஸ்காம் சப்ளையை எலக்ட்ரீஷியனை வைத்துத் துண்டித்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து ஆயில், ஃபில்டர்கள் மாற்றி, காயிலைக் காயவைத்து மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்த பிறகுதான் முதல் ஸ்டார்ட். இன்சூரன்ஸ் இருந்தால், சேறைக் கழுவும் முன்பே தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.